சாத்தூருக்கு எட்டாத கரண்ட் கார்

புதிதாகக் கார் வாங்கியவர்களிடம் மணி கேட்டால்கூட மைலேஜைத்தான் சொல்வார்கள். நான் அதற்கும் ஒரு படி மேல். நான் வாங்கியது கரண்ட் கார். (செகண்ட் ஹேண்ட்தான். புதுசின் விலையைக் கேட்டதும் ஷோரூமில் கொடுத்த காபியைக் குடிக்காமலே எழுந்து வந்தவள் நான்.)

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் எனக்கு டிசைன் வேலை. விருதுநகரிலிருந்து தினமும் போய்வர அந்தக் கார் தாராளம். வீட்டுப் பிளக்கில் ராத்திரி மாட்டினால் காலையில் தயார். ஒரே எதிர்க்கட்சி, பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பாதான். "பேட்டரிய அடியில வச்சுக்கிட்டு அதுக்கு மேலயே உக்காந்து போறியேம்மா" என்பார்.

தம்பி செல்வத்துக்குச் சாத்தூரில் நிச்சயதார்த்தம். சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். மாப்பிள்ளையும் அப்பாவும் நிச்சயப் பட்டும் என் காரில்தான் வரவேண்டும் என்று அடம்பிடித்தேன். சம்பந்தி வீட்டு வாசலில் சத்தமே இல்லாமல் போய் இறங்கி, அன்றோடு அப்பாவின் வாயை அடைத்துவிட வேண்டும். மத்தியானம் காரைச் சார்ஜில் மாட்டிவிட்டு, செல்வத்தையும் இழுத்துக்கொண்டு பார்லருக்குப் போனேன். கிளம்பும்போது பிளக் கழன்றிருந்தது. அப்பா நமக்காகக் கழற்றி வைத்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துகூடப் போனேன்.

சூலக்கரை தாண்டும்வரை பெட்ரோல் விலையைப் பற்றி நான் மட்டுமே பேசினேன். மூச்சு வாங்கப் பேச்சை நிறுத்தியபோதுதான் முன்னாலிருந்த திரை கண்ணில் பட்டது. பேட்டரி சிவப்பில் இருந்தது.

மெதுவாக ஏசியை அணைத்தேன்.

"ஏன்க்கா?" என்றான் செல்வம்.

"வெளிக்காத்து உடம்புக்கு நல்லதுலே."

மேக்கப் கழுத்துக்கு இறங்கியது. வேகத்தையும் குறைத்தேன். மடியில் ஆட்டை வைத்துக்கொண்டு மொபெட்டில் போனவர் எங்களை முந்தினார். ஆடு திரும்பிப் பார்த்தது.

சாத்தூருக்குச் சற்று முன்னால், ஒரு புரோட்டாக் கடை வாசலில் கார் நின்றுவிட்டது. ஏழு மணிக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். தம்பியின் நல்ல நேரத்தை என் வாயே தின்றுவிட்டது.

"மத்தியானம் மாட்டிட்டுத்தான போனேன்" என்றேன்.

அப்பா தொண்டையைச் செருமினார். "இடி இடிச்சுச்சுல்ல."

பட்டாசு ஆலையில் இடிச் சத்தம் கேட்டதும் மெயினை அணைத்து எல்லாரையும் வெளியேற்றுவது போர்மேன் வேலை. ஓய்வு பெற்றாலும் கை சும்மா இருக்குமா? மெயினை அணைத்து, கார் பிளக்கை உருவி, ஒயரை அழகாகச் சுற்றியும் வைத்துவிட்டார். (நாங்கள் வீட்டில் இருந்திருந்தால் எங்களையும் தெருவில் நிறுத்தியிருப்பார்.)

"இடி நின்னதும் மாட்டியிருக்கலாம்லப்பா?"

"மெயினப் போட்டேன்மா. புழுக்கத்துல காத்தாடி சுத்தணும்ல. வண்டி சும்மாதான நிக்குதுன்னு விட்டுட்டேன்."

கடைக்காரர் கிரைண்டர் பிளக்கைக் கழற்றிக் காருக்கு இடம் கொடுத்தார். அப்பா, வேலை முடிந்து திரும்பும் பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார். நிச்சயப் பட்டோடு மூவரும் ஏறினோம். உள்ளே இருந்த பெண்கள் செல்வத்தை நடுவில் உட்காரவைத்து, "மாப்பிள்ள, எங்களுக்கும் கேசரி உண்டுல்ல?" என்று வழியெல்லாம் ஓட்டினார்கள். அவனை இறக்கிவிட அத்தனை பேரும் இறங்க வேண்டியிருந்தது. கையில் அலுமினியத் தூள் மினுங்க வரிசையாக இறங்கியவர்களைப் பார்த்து, சம்பந்தி கைகூப்பியபடியே திகைத்தார். "வாங்க, வாங்க. மாப்பிள்ளை வீட்டுல இம்புட்டுப் பேரா?"

நேரத்துக்குத் தட்டு மாறியது. வேன் பெண்கள் கேசரியும் சாப்பிட்டார்கள்.

பிறகு காரை எடுக்கப் போனபோது சம்பந்தியும் கூடவே வந்தார். "உண்மையச் சொல்லும்மா. இது நம்மளுக்கெல்லாம் கட்டுபடியாகுமா?"

முதல் தடவையாகப் பீற்றாமல் பேசினேன். "வாங்கும்போது வலிக்கும் மாமா, ஓட்டும்போது வலிக்காது. தினம் போய்வர நல்ல வண்டி. தூரமாப் போனா கிளம்பும் முன்ன திரையப் பாக்கணும். வீட்டுல போர்மேன் இருந்தா பிளக்கையும் பாக்கணும்."

"எங்க வீட்டுல போர்மேன் இல்லம்மா" என்றவர், கல்யாணம் முடிந்த கையோடு ஒரு கரண்ட் கார் வாங்கிவிட்டார்.

இப்போதும் சாத்தூர்ப் பக்கம் வானம் உறுமினால் அவரிடமிருந்து எனக்குப் போன் வரும். "அங்கனயும் இடிக்குதா? போர்மேன் என்ன செய்தாக?"

"பிளக்கைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு கார்ப் பக்கத்துல நிக்காக மாமா. இடி நின்னதும் மாட்டணுமாம். காத்தாடி அப்புறம்தானாம்."