கிண்டுபவர் ஒருவர், ருசிப்பவர் ஒருவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டு சாக்லேட்டாவது தின்றே தீருவது என்று முடிவு செய்திருந்தேன். சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். இருபது வருஷக் குடித்தனத்தில் நானாக எடுத்த மூன்றாவது முடிவு அது. முதல் இரண்டும் மனைவியின் ஒப்புதல் கிடைக்காமல் இன்னும் கிடப்பில் இருக்கின்றன.

நான்கு மாதங்களுக்கு முன்னால் என் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், இனிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் 'கொஞ்சம்' டாக்டரின் அறையிலேயே தங்கிவிட்டது. மீதியை என் மனைவி வீட்டுக்குக் கொண்டுவந்து அமல்படுத்தினாள். சர்க்கரை டப்பா வாரத்துக்கு ஒரு இடம் மாறியது. நான் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். ஊரில் உள்ள அத்தனை ஃபிரிட்ஜையும் கழற்றி மாட்ட எனக்கு உரிமை உண்டு. என் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் மட்டும், "என்ன தேடறீங்க?" என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

இப்படி நான் வாடிக்கொண்டிருந்தபோதுதான் ஊருக்கு வெளியே சாக்லேட் மாளிகை என்று ஒன்றைத் திறந்தார்கள். அங்கே ஜோடிச் சீட்டு ஒன்று உண்டு. ஜோடியில் ஒருவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு பட்டறைக்குள் போய் ஒரு மணி நேரம் தன் கையால் சாக்லேட் செய்ய வேண்டும். இன்னொருவர் ருசிக்கூடத்தில் உட்கார்ந்து பன்னிரண்டு வகை சாக்லேட்டை ருசி பார்க்க வேண்டும். விளம்பரத்தில் இதைப் படித்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்தது. வாயில் அதைவிட அதிகமாக வந்தது.

உடனே போய் ஒரு சீட்டு வாங்கினேன். செய்பவர் என்ற இடத்தில் மனைவியின் பெயர். ருசிப்பவர் என்ற இடத்தில் என் பெயர். சீட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திவிட்டு, இரண்டு நாள் கழித்து மெதுவாகப் பேச்சை எடுத்தேன். அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். வாரமெல்லாம் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகிறதே, ஒரு நாளாவது கைக்கு வேலை கொடுத்து மனசை லேசாக்கிக்கொள்ளக் கூடாதா என்று உருக்கமாகக் கேட்டேன்.

"எனக்காகவா?"

"உனக்காகத்தான்."

"நான் கிண்டிக்கிட்டிருப்பேன். அதுவரைக்கும் நீங்க என்ன செய்வீங்க?"

"ஒரு ஓரமா சும்மா உட்கார்ந்திருப்பேன்."

"அது உங்களுக்கு நல்லா வரும்" என்றாள். மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டாள். அவள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்ட அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பட்டறை வாசலில் ஒரு பெண் சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகிறவர் கையில் மோதிரம், வளையல் எதுவும் இருக்கக் கூடாது என்றாள். என் மனைவி வளையலைக் கழற்றிப் பையில் போட்டாள். மோதிரத்தை இழுத்தாள். வரவில்லை. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு இழுத்தாள். அப்போதும் வரவில்லை. அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

"உங்க ஆசை வீணாப் போகுதேங்க" என்றாள்.

வாசல் பெண்ணுக்கும் மனசு இளகிவிட்டது. சார் கையில்தான் ஒன்றும் இல்லையே, சார் உள்ளே போகட்டும் என்று சீட்டில் இரண்டு பெயரையும் அடித்து மாற்றி எழுதினாள். நான் வாயைத் திறப்பதற்குள் முகக்கவசம் வந்து அதை மூடியது. என் மனைவி பின்னால் நின்று ஏப்ரன் நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

பட்டறையில் என்னோடு சேர்த்து எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு சட்டி. சொல்லிக்கொடுத்தவர் உயரமான மனிதர். அவரை வாத்தியார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் பாடம், முகக்கவசத்தை இறக்கக் கூடாது. இரண்டாவது பாடம், கை வாய்க்குப் போனால் சட்டியோடு கொட்டிவிடுவார்கள். அடுத்த மேஜைக்காரர் ஆசை தாங்காமல் முகக்கவசத்தை இறக்கி ஒரு விரலை நக்கினார். அவர் சட்டி போன திசையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார் மனிதர்.

பட்டறைக்கும் ருசிக்கூடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் என் நாற்காலியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். என் முதல் துண்டை எடுத்தாள். என் இரண்டாவது துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். மூன்றாவது துண்டு உருகி மோதிரத்துக்கு அடியில் இறங்கிவிட்டது போலிருக்கிறது. வலது கையால் ஒரு திருகு. மோதிரம் கழன்று மேஜையில் உட்கார்ந்தது. விரலை நிதானமாகத் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

நான் துடுப்பும் கையுமாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து சீட்டை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ பொடி எழுத்து. அத்தனையும் விதிமுறைகள். நான் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை துவைக்கப் போட்ட சட்டையில் சீட்டு இருந்ததும், பொடி எழுத்தை விடாமல் படிப்பதுதான் அவள் தொழில் என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆத்திரமாக வந்தது. ஆனால் நான் விடுவதாக இல்லை. என் கையால் செய்தது என் வாய்க்கு வராமலா போய்விடும்? வேலை முடிந்து முகக்கவசத்தைக் கழற்றியதும் அவள் கண்ணெதிரிலேயே தின்று காட்டுவது என்று துடுப்பின் மேல் கை வைத்துச் சபதம் எடுத்தேன்.

சாக்லேட் செய்வதில் கஷ்டமே சூட்டை ஆற்றுவதுதான். நன்றாக உருக்கி, பளிங்குப் பலகையில் ஊற்றித் தேய்த்து ஆற்றி, மறுபடி லேசாகச் சூடேற்ற வேண்டும். ஒரு டிகிரி தவறினால் வெள்ளை பூத்துவிடும். சட்டி மிஞ்சிய மற்ற ஆறு பேரும் வெப்பமானியோடு மல்லுக்கட்டினார்கள். ஆறுவதும் குளிர்வதும் எனக்கு இருபத்திரண்டு வருஷத் தொழில். பலகைக்குப் பக்கத்தில் புறங்கையைக் காட்டினாலே போதும். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது, நிறுத்தவில்லை. அச்சிலிருந்து கட்டியை எடுத்தபோது அதில் என் முகம் தெரிந்தது. வாத்தியார் ஒரு மூலையை ஒடித்தார். டக்கென்று சத்தம் வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

முகக்கவசத்தைக் கழற்றி, கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தால் மேஜையில் கட்டியைக் காணோம். ருசிக்கூடத்துக்கு அனுப்பியாகிவிட்டதாம். செய்பவர் செய்ய வேண்டும், ருசிப்பவர் ருசிக்க வேண்டும். சீட்டின் பின்பக்கத்தில் அதுவும் இருக்கிறதாம். ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது கடைசித் துண்டு அவள் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது.

"இருந்த பன்னிரண்டையும் இது தூக்கிச் சாப்பிட்டுடுச்சுங்க" என்றாள். "உங்க கையில இவ்வளவு பக்குவம் இருக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோபம் பாதி போய்விட்டது. அவள் என்னைப் பாராட்டி எத்தனையோ வருஷமாயிற்று.

அதற்குள் வாத்தியார் வந்துவிட்டார். என் மனைவியோடு ஏற்கெனவே பேசிவிட்டார் போலிருந்தது. ஞாயிறுதோறும் வந்து பட்டறையில் பாடம் எடுக்க முடியுமா என்று கேட்டார். ஞாயிறுதோறும் சாக்லேட். நான் மனைவியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டினேன், குலுக்கினார், ஒரு தாளை நீட்டினார், முன்பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

"பெரிய நிம்மதி சார்" என்றார் வாத்தியார். "இங்க வேலைக்கு வர்றவங்க பாதிச் சட்டியை வாயிலயே போட்டுக்கிட்டுப் போயிடறாங்க. இனிப்பையே தொடாத ஒரு ஆள் கிடைக்கணும்னு தேடிக்கிட்டிருந்தோம். அம்மா இப்பத்தான் உங்களைப் பத்திச் சொன்னாங்க."

"சம்பளம்?" என்று கேட்டேன்.

"வாரம் ஒரு பெட்டி சாக்லேட் சார். அம்மாகிட்டயே கொடுத்துடறோம்."