பின் அச்சும் பின் சுவரும்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் அக்கா, எங்கள் மகள் மூவரும் உடம்பளவில் நலம். அங்கு நீங்களும் வீட்டாரும் நலமாகவே இருப்பீர்கள் என்று பதினொரு வருடங்களாக யாரையும் கேட்காமலேயே நம்பி வருகிறேன். எங்கள் வீட்டுப் பின்புற ஷெட்டின் சுவரை நீங்கள் கட்டி முடித்த அன்று, நான் என் மூலைமட்டத்தை, அந்த ‘ட’ வடிவ இரும்புச் சட்டத்தை, மூலையில் வைத்துப் பார்த்து, “மூலை சேரலையே” என்று சொன்னதும், நீங்கள் கரணையைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனதும்தான் நமக்குள் நடந்த கடைசிப் பேச்சுவார்த்தை. அதைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. ஆனாலும் கிளற வேண்டியிருக்கிறது.

நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிக்கூடப் பையோடு நின்ற உங்கள் மருமகள் இப்போது பந்தயக் கார் ஓட்டுகிறாள். கூரை கிடையாது, கதவு கிடையாது, நான்கு சக்கரமும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும், அப்படி ஒரு கார். அது அந்த ஷெட்டில்தான் நிற்கிறது. போன மாதம் ஒரு திருப்பத்தில் சுழன்றதில் பின் அச்சு வளைந்துபோய், புது அச்சு மாட்டினாள். இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் அந்த உருளை காரின் உடலுக்குச் சரியான குறுக்காக நிற்க வேண்டுமாம். இடது முனையும் வலது முனையும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டுமாம். இம்மி பிசகினாலும் கார் ஒருக்களித்து ஓடுமாம். இதையெல்லாம் அவளே எனக்கு விளக்கினாள். விளக்கிவிட்டு, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டிலிருந்து இரண்டு பக்கமும் அளந்து, நட்டுகளை முறுக்கி, “அப்பா, முடிச்சிட்டேன். யாரும் தொட வேணாம்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். வீட்டில் யாரும் என்றால் நான்தான்.

ஆனால் நான் முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன். அடுத்தவர் தராசையும் அளவுகோலையும் நம்பாமல் இருப்பதே என் உத்தியோகம். கண்ணை மூடித் திறப்பதற்குள் காணாமல் போகிற வண்டியில் ஒரே பெண் உட்காரப் போகிறாள், பெற்றவன் ஒருதரம் சரிபார்க்காமல் எப்படி இருப்பான், சொல்லுங்கள். தகட்டிலிருந்து அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தகடும் காரோடு ஓடுகிறது, அச்சும் காரோடு ஓடுகிறது, கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னால் எந்த அதிகாரி ஏற்பான்? இருந்த இடத்தை விட்டு நகராத ஒன்று வேண்டும். அந்த ஷெட்டில் அப்படி இருப்பது பின் சுவர்தான். கார், தரையில் அவள் போட்டு வைத்திருந்த மஞ்சள் கோட்டின்மேல் நேராக நின்றது. சுவரிலிருந்து அச்சின் இடது முனைக்கு அளந்தேன், வலது முனைக்கு அளந்தேன், முழுதாக ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்! பக்கத்து வீட்டுப் பல் டாக்டரைத் துணைக்கு அழைத்தேன். அச்சைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டில் ஸ்பானரை வைத்தவர், பழக்கதோஷத்தில் அதனிடம், “லேசா வலிக்கும், பொறுத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுத்தான் திருகினார். உங்கள் அக்கா வாசலில் நின்று, “அவதான் பாத்துட்டுப் போனாளே, உங்களுக்கு ஏன் இந்த வேலை?” என்றாள். நான் காருக்கு அடியில் இருந்ததால் காதில் விழவில்லை என்று வைத்துக்கொண்டேன். கடைசியில் இரண்டு முனையும் சுவரிலிருந்து ஒரே தூரத்துக்கு வந்தன. எல்லாவற்றையும் முறுக்கிவிட்டு, கை கழுவிக்கொண்டு, மகளிடம் வாய் திறக்காமல் இருந்தேன். செய்த நல்லதைச் சொல்லிக்காட்டும் பழக்கம் எனக்கில்லை.

சனிக்கிழமை பயிற்சி ஓட்டம். பயத்தில் அதுவரை நான் ஒருதரம்கூடப் பார்க்கப் போனதில்லை. அன்று, என் கையால் சரிசெய்த வண்டி என்ற தைரியத்தில் போய் வேலியோரம் நின்றேன். நேர்பாதையிலேயே கார் நண்டு மாதிரி வந்தது. மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்துக்கொண்டுதான் அவளால் நேராக வர முடிந்தது. திருப்பத்தில் வால் முந்திக்கொண்டது. மூன்று தரம் சுழன்று, பாதை நடுவிலேயே, பின்னால் வருகிற கார்களைப் பார்த்தபடி நின்றது. மைத்துனரே, அந்த நிமிஷம் என் உடம்பில் உயிர் இல்லை. வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போனார்கள். அவள் காரை ஓரம் கட்டி, இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நேரே என்னிடம் வந்தாள்.

“அப்பா, தொட்டீங்களா?”

“சரி பண்ணேம்மா.”

“எதுலேருந்து அளந்தீங்க?”

“சுவத்துலேருந்து.”

“ஏம்ப்பா, காரு சுவத்தப் புடிச்சிக்கிட்டா ஓடப் போகுது?”

வீட்டுக்கு வந்ததும் பழையபடி தகட்டிலிருந்து அளந்து அச்சைச் சரிசெய்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கையை நீட்டி என்னிடமிருந்த ஷெட் சாவியை வாங்கிக்கொண்டாள். ஐந்து நாளாக உள்ளே அவள் வேலை செய்யும் சத்தம் கேட்கிறது, நான் வெளியே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கதவுக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே செடி. அது அழுகிவிட்டது. என் மகள் என்னை நம்பாமல் ஒரு கதவைச் சாத்துவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தச் சுவர் கட்டிய நாளிலிருந்தே கோணல் என்று தங்கள் கைப்பட இரண்டு வரி அவளுக்கு எழுதிப் போடவும். அப்பா அளந்தது சரி, சுவர்தான் ஏமாற்றிவிட்டது என்று தெரிந்தால் அவள் மனம் இறங்கும். இத்தனை வருடம் கோணல் என்று சொன்ன சுவரை நம்பி ஏன் அளந்தீர்கள் என்று கேட்பீர்கள். என்ன இருந்தாலும் நீங்கள் கட்டியதாயிற்றே என்றுதான்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் நீண்ட ஆயுளும், நிறைந்த வேலையும், இனிமேல் கட்டும் சுவர்களிலாவது நேர்கோடும் அமைய, வயதில் மூத்தவன் என்ற முறையில் வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தவறேதும் செய்யாத,
தங்கள் அக்காள் கணவன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கடிதம் உங்கள் அக்கா கையில் சிக்கிவிட்டது. படித்துவிட்டு, “பூசினத ஏன் எழுதல?” என்று மகள் காதில் விழும்படி கேட்டாள். அது ஒரு சின்ன விஷயம். நீங்கள் போன மறுவாரம், மூலை சேர வேண்டுமே என்று அந்தச் சுவரில் நானே சிமெண்டு பூசினேன். இந்தக் கோடியில் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து அந்தக் கோடியில் இரண்டு விரல் கனம். சுவரை நான் நம்பியது அந்தப் பூச்சை வைத்துத்தான். மகள் உளியோடு போய்க் காருக்குப் பின்னால் நெடுகப் பூச்சைப் பெயர்த்தாள். உள்ளே செங்கல் நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. அங்கிருந்து அளந்தால் அச்சின் இரண்டு முனையும் ஒரே தூரம். அப்புறம் என் மூலைமட்டத்தைக் கேட்டாள். ஒரு பலகையின் விளிம்பில் அதை வைத்து ஒரு கோடு போட்டாள், திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு போட்டாள். மட்டம் சரியாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டிய இரண்டு கோடும் சேரவில்லை. மச்சான், அன்றைக்குக் கோணலாக இருந்தது என் மூலைமட்டம். உன் வேலையில் ஒரு நூல்கூடக் குற்றமில்லை. உன்னைக் குறை சொல்லி அனுப்பினது என் தப்பு, மன்னிச்சிடு. மேலே கேட்ட இரண்டு வரி வேண்டாம். இதையெல்லாம் எழுதிவிட்டதை மகளிடம் சொல்லிச் சாவியைக் கேட்டேன். “மாமா என்னைக்கு வந்து சுவத்தப் பாக்கறாரோ, அன்னைக்கு நீங்களும் உள்ள வாங்க” என்று சொல்லிவிட்டாள். நீ எப்ப வர்றே?