கட்டம் கட்டமாக வந்த சரோஜா

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. டிவியில் படம் தெளிவாகத் தெரியவேண்டும். அவ்வளவுதான்.

பத்து மணி நிகழ்ச்சியில் என் மனைவி சரோஜா வரப்போகிறாள். போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு டிவிக்காரப் பெண் கேமராவோடு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, கொழுந்து பறிக்கும் பெண்களைப் பேட்டி எடுத்தாள். நாலு பேரில் சரோஜாவும் ஒருத்தி.

"இத்தன வருசமா மலையில நிக்கிறேன். வேன்ல வர்ற வெள்ளைக்காரங்க எத்தன பேரு என்னைய போட்டோ எடுத்திருப்பாங்க! ஒரு படமாவது நான் பாத்திருக்கேனா? இன்னைக்காவது என் மூஞ்சிய நான் பாக்கணுங்க" என்றாள்.

நியாயம்தானே? நானும் நெஞ்சை நிமிர்த்தி, "எச்டி கேபிள் பெட்டி எதுக்கு வாங்கியிருக்கோம்? பல்லு எத்தனன்னு எண்ணலாம்" என்றேன்.

டிவியைப் போட்டேன். செய்தி வாசிக்கும் பெண்ணின் நெற்றி ஓரிடத்தில், மூக்கு ஓரிடத்தில். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்து, நடுநடுவே அப்படியே நின்றுவிட்டது. வாய் மூடியிருக்க, குரல் மட்டும் வந்தது.

ஒரு வாரமாகவே இப்படித்தான். தானாகச் சரியாகும் என்று விட்டிருந்தேன். என் வாழ்க்கையில் பாதி விஷயங்களை இப்படித்தான் விட்டிருக்கிறேன். எதுவும் தானாகச் சரியானதாக ஞாபகம் இல்லை.

கேபிள்காரருக்கு போன் போட்டேன்.

"அண்ணே, நான் லிந்துலையில ஒரு கல்யாண வீட்டுல நிக்கிறேன். மஞ்ச, செவப்பு, வெள்ள வயரா குத்தியிருக்கீங்க?"

"ஆமா. மூணும் சரியா குத்தியிருக்கேன்."

"அதுல எச்டி வராதுண்ணே! பெட்டியோட ஒரு தட்ட வயரு குடுத்தேனே, எச்டிஎம்ஐ, அது எங்க?"

அது அலமாரியில் இருந்தது. பிளாஸ்டிக் பையைக்கூடப் பிரிக்கவில்லை. விலை கூடின வயர், பழுதாகிவிடுமே என்று பத்திரப்படுத்தியிருந்தேன். இத்தனை மாதமாக எச்டிக்குக் காசு கட்டி, சாதாரணப் படத்தைப் பார்த்து, "என்னா கிளியரு!" என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் பெருமை பேசியிருக்கிறேன். அவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். யாரை நம்புவது?

புது வயரை மாட்டினேன். பெரிய முன்னேற்றம். இப்போது கட்டங்கள் மிகத் தெளிவாகத் தெரிந்தன!

அந்த நேரம் பார்த்து வந்தான் பெரியசாமி. சரோஜாவின் அண்ணன். எந்தத் துறையிலும் வேலை பார்க்காமல் எல்லாத் துறையிலும் கருத்துச் சொல்பவன்.

"மச்சான், இது வயரு கோளாறு. நேத்து மழைக்கு கூரையில ஜொயின்ட்டுக்குள்ள தண்ணி போயிருக்கும். ஏறிப் பாருங்க."

"நீ ஏறேன்."

"எனக்கு முட்டி வலி மச்சான்."

எனக்கு என்ன முட்டியே இல்லையா? ஆனாலும் ஏறினேன். ஐம்பத்து நாலு வயதில், மழையில் நனைந்த லயத்து வீட்டுத் தகரக் கூரையில், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர்ந்து போனேன். அங்கே நாலைந்து கறுப்பு வயர்கள் பின்னிக் கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி. ஒன்றில் ஜொயின்ட் இருந்தது. கழற்றினேன்.

"மச்சான், இங்க ஒரு மாத்தமும் இல்ல!" என்று கீழிருந்து பெரியசாமி கத்தினான்.

பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு சத்தம். "அய்யய்யோ! எங்க டிவி போச்சு! அண்ணே, கூரையில என்னா செய்யிறீங்க?"

பார்வதி. சரோஜாவோடு ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறவள். சரோஜாவைப் பார்ப்பதற்காகக் காலையிலேயே சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்திருந்தாள். கழற்றியதைத் திரும்ப மாட்டப் போனேன். கை வழுக்கி, வயர் முனை இரண்டு தகரத்துக்கும் நடுவே உள்ளே போய்விட்டது. எட்டவே இல்லை.

விளைவு, பார்வதி வீட்டுக் கூட்டம் மொத்தமும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது. பத்து மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. திரையில் கட்டம். அறையில் கூட்டம். நடுவில் சேறு பூசிய சாரத்தோடு நான்.

"சரோஜா அக்கா மூக்கு மட்டும் தெரிஞ்சா போதும், மிச்சத்த நாங்க நேருல பாத்துக்கிறோம்" என்றாள் பார்வதி. எல்லோரும் சிரித்தார்கள். சரோஜா சிரிக்கவில்லை. அவளை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவள் எழுந்தாள். பெட்டியைத் திருப்பி, கேபிள் வயரைப் பிடுங்கி, அதன் முனையை வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஏங்க, இது என்னா மஞ்சளா?"

சந்தனம்.

போன வாரம் ஆயுத பூஜை. வீட்டில் உள்ள கத்தி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பது என் பொறுப்பு. டிவியும் பெட்டியும் மட்டும் என்ன பாவம் செய்தன? ஒவ்வொரு வயராகக் கழற்றி, துடைத்து, முனைக்கு முனை சந்தனமும் குங்குமமும் வைத்து, பக்தியோடு திரும்பக் குத்தியிருந்தேன். சந்தனம் உள்ளே காய்ந்து கல்லாகிவிட்டது. ஒரு வாரமாக சிக்னல் அதைத் தாண்டி வரப் படாத பாடு பட்டிருக்கிறது.

"பொட்டுனா வெளிய வைக்கணும் மச்சான்" என்றான் பெரியசாமி. கூரைக்கு ஏற்றிவிட்ட அதே வாய்.

சரோஜா முந்தானையால் துடைத்துச் சுரண்டிக் குத்தினாள். படம் வந்தது. அப்படி ஒரு படம்! திரையில் தேயிலை இலையில் நின்ற தண்ணீர்த் துளிகூடத் தெரிந்தது.

உடனே திரையில் சரோஜா வந்தாள். எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசினாள். "நாலு மணிக்கு எந்திரிப்பேங்க. சமைச்சு, தண்ணி புடிச்சு, இவருக்கு சாப்பாடு கட்டி வச்சிட்டு மலைக்குப் போவேன்..."

அவள் தோளுக்குப் பின்னால், திறந்த கதவுக்குள், ஒரு உருவம். நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டு, பனியனோடு உட்கார்ந்து, காலித் தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தது.

கேமரா அவ்வளவு தூரம் பார்க்காது என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.

"மச்சான், பனியன்ல ஓட்ட கூட தெரியுது!" என்றான் பெரியசாமி. பார்வதி சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த தேத்தண்ணி கொட்டியது. சரோஜா எதையும் கவனிக்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய் நின்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன்ல?" என்றாள் மெதுவாக.

நல்லாத்தான் இருந்தாள். பின்னால் இருந்தவன்தான் சரியில்லை.

புதன்கிழமை மறுபடியும் போடுவார்களாம். அன்றைக்குப் படம் கட்டம் கட்டமாக வந்தால், தயவுசெய்து யாரும் சரிசெய்ய வரவேண்டாம்.