காதுக்கு ஊட்டிய ஸ்ட்ராபெரி மருந்து

எதையும் முழுதாகக் கேட்காமலே புரிந்துகொள்ளும் அபூர்வ ஆற்றல் எனக்கு உண்டு. (ஐ.டி. கம்பெனியில் இதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.)

மனைவி ஆபீஸ் பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போயிருந்த வாரம், யு.கே.ஜி. படித்துக்கொண்டிருந்த மகள் யாழினிக்குக் காதுவலி, கூடவே காய்ச்சல். மேடவாக்கத்திலிருந்து தாம்பரத்துக் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு காதில் ஆபீஸ் மீட்டிங், மறு காதில் டாக்டரம்மா.

"எல்லாக் காதுவலிக்கும் ஆன்டிபயாடிக் வேணாம் சார். இவளுக்கு உள்ள சிவந்து வீங்கியிருக்கு, ஜுரமும் அதிகம். அதனால எழுதறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு வேளை. சரியாயிட்டாலும் பாதியில நிறுத்தாதீங்க."

"ஓகே, நோட்டட்," என்றேன். (எந்தக் காதில் கேட்டதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது.)

வீட்டுக்கு வந்ததும் மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டு, மருந்து பாட்டிலை நன்றாகக் குலுக்கினேன். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். பிறகு அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்.

"அப்பா, இது வாயில ஊத்தறது!"

"வலி எங்க இருக்கு?"

"காதுல."

"அப்ப மருந்து எங்க போகணும்?"

தப்பு எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் திருத்துவதுதானே எங்கள் தொழில்! ஸ்ட்ராபெரி வாசனையடித்த அந்தச் சிவப்பு மருந்தைக் காதில் ஊற்றினேன். பாதி உள்ளே போனது, மீதி கழுத்து வழியாகத் தலையணைக்குப் போனது. மனைவி போனில் கேட்டாள்: "மருந்து குடுத்தீங்களா?"

"போட்டாச்சு!" என்றேன் பெருமையாக.

காலையில் காய்ச்சல் கொதித்தது. முடி தலையணையோடு ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி எறும்புகள். குழந்தை அழுத அழுகையில் என் புத்திசாலித்தனம் முழுவதும் கரைந்துபோனது. அவளை அள்ளிக்கொண்டு மறுபடி டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் விளக்கடித்துக் காதைப் பார்த்தார். முகர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"சார், சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னேனே. காதுக்கு என்ன சாப்பாடு போட்டீங்க?"

நர்ஸ் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். அடுத்த நிமிடம் வெளியே காத்திருந்த தாய்மார்கள் எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நல்லவேளை, செவிப்பறை கிழியவில்லை. காதைச் சுத்தம் செய்துவிட்டு, "முதல்லேருந்து ஆரம்பிங்க. வாய்வழியா, கடைசிவரைக்கும்," என்றார் டாக்டர். இம்முறை ஒவ்வொரு வேளையும் மனைவி வீடியோ காலில் மேற்பார்வை செய்தாள். ஊருக்குத் திரும்பிய பிறகும் மருந்து முடியும்வரை பாட்டிலை என்னிடம் தரவில்லை. காது முழுதாகக் குணமானது.

யாழினி இப்போது எட்டாம் வகுப்பு. போன மாதம் எனக்கு முட்டிவலி. மாத்திரையும் தண்ணீரும் கேட்டேன். மாத்திரை வந்தது. தண்ணீருக்குப் பதில் செல்லோ டேப் வந்தது.

"முட்டியில ஒட்டிக்கோப்பா," என்றாள்.