சர்ரே மாப்பிள்ளை வாங்கி வந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

விகன்,
வெள்ளிக்கிழமை மாலை.

பெருமதிப்பிற்குரிய ஐவி அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் ஹெட்டி மிகுந்த வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, கானி அக்கா, நான் எல்லோரும் சுகம். டார்க்கியில் கடற்காற்றும் உங்கள் முழங்காலும் ஒத்துப்போகின்றனவா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கானி அக்காவின் கல்யாணம் ஜூன் மாதம் நடக்குமா நடக்காதா என்று நீங்கள் போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். இந்த வீட்டில் எந்தக் கட்சியிலும் சேராதவள் நான் ஒருத்திதான் என்பதால் நானே பதில் எழுதுகிறேன். தாளின் ஓரத்தில் எண்ணெய் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும். என் தட்டை மாடிக்குக் கொண்டுவந்து, ஒரு கையால் சிப்ஸ் சாப்பிட்டபடி எழுதுகிறேன்.

மாப்பிள்ளை ஜூலியன் தெற்கே சர்ரே பக்கத்துக்காரர், காது பரிசோதிக்கும் வேலை. மிக நல்லவர். கதவைத் திறந்துவிட்டால், பின்னால் யாரும் வராவிட்டாலும் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று, "உங்களுக்குக் கறி வச்சுச் சுட்ட பை ரொம்பப் பிடிக்கும்னு கானி சொன்னா, சார். நானே செஞ்சிருக்கேன்" என்று ஆளுக்கொரு பீங்கான் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மாட்டிறைச்சியும் காளானும், மேலே பொன்னிறமாக உப்பிய மாவு மூடி. அப்பா மூடியை உடைத்தார். கரண்டியை உள்ளே விட்டுக் கிளறினார். அடிவரை போய்ப் பீங்கானைத் தட்டிப் பார்த்தார். பிறகு கிண்ணத்தையே தூக்கி, கீழே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

"அடி எங்க, தம்பி?"

"எந்த அடி, சார்?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பைன்னா என்ன? அடியில மாவு, சுத்தி மாவு, மேல மாவு, நடுவுல கறி. கையில எடுத்தா நிக்கணும். இது என்னது? குல்லா போட்ட குழம்பு."

"எங்க ஊர்ல இப்படித்தான் சார் செய்வாங்க."

"அதான் அங்கேருந்து எல்லாரும் ரயிலேறி இங்க வந்துடுறீங்க போல."

கானி அக்கா அழுதுகொண்டே எழுந்தாள். அப்பாவோ, கையில் நிற்காத பையைச் செய்கிறவன் கையில் பெண்ணைக் கொடுக்க மாட்டேன், சர்ச்சில் அவளைக் கைபிடித்து அழைத்துப் போக வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். "வராட்டி போங்க, நான் தனியாவே நடந்து போய்க்கிறேன்" என்றாள் அக்கா. மறுநாளே கூடத்தில் தனியாக நடந்து பழகவும் ஆரம்பித்தாள். ஆனால் ஒரு கையை மட்டும், யாரோ பிடித்திருப்பது போல மடக்கியே வைத்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பெரிய போர்களெல்லாம் கடைசியில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் முடிந்திருக்கின்றன என்று சரித்திரப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆகவே ஓர் உடன்படிக்கை செய்து வைத்தேன். வெள்ளிக்கிழமை நோரா அம்மாவின் சிப்ஸ் கடைக்கு ஜூலியன் போய், வீட்டுக்கே சாப்பாடு வாங்கி வர வேண்டும். குறையில்லாமல் வந்து சேர்ந்தால் அப்பா சர்ச்சுக்கு வருவார். நடுநிலைப் பார்வையாளராக நான் கூடவே போவேன், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. அப்பா இதற்கு ஒப்புக்கொண்டு, "நாலு பை, நாலும் பன்னுக்குள்ள. என் வீட்டுக்காரிக்கு மீன். எல்லாருக்கும் சிப்ஸ், மசிச்ச பட்டாணி. கிரேவி தனியா. எழுதிக்காதே, இங்க யாரும் எழுதிக்க மாட்டாங்க" என்று அனுப்பி வைத்தார்.

வரிசை தபால்பெட்டியைத் தாண்டி நின்றது. ஜூலியன் கடைசியில் போய் நின்றார், பின்னால் வந்த ஒரு பெண்மணியிடம் "நீங்க முன்னால போங்க" என்றார், அவள் போனாள், அவளுக்குப் பின்னால் வந்தவரிடமும் அதையே சொன்னார், சுருட்டுப் புகையோடு வந்த ஹார்கிரீவ்ஸ் தாத்தா அதைக் கேட்டுவிட்டு, தெருமுனையில் நின்றவர்களைக் கைகாட்டி அழைத்து, "வாங்க வாங்க, இந்தத் தம்பி எல்லாருக்கும் வழி விடுறாரு" என்று சொல்ல, சிப்ஸ் வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள்கூட வந்து சேர்ந்து முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் வந்தபோது நின்ற இடத்தைவிடக் கடையிலிருந்து இன்னும் தூரமாக நின்றோம். நான் வாய் திறக்காமல் இருக்க என் கழுத்துத்துணியைக் கடித்துக்கொண்டேன். ஒருவழியாக உள்ளே போனதும் அங்கேயும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ராசா, நீ வாங்க வந்தியா, கதவுக்குக் காவலா?" என்று நோரா அம்மா எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

ஜூலியன் ஒன்றுவிடாமல் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. பன்னைப் பிளந்து பையை உள்ளே வைத்து அவள் அழுத்தியபோது மட்டும் என் காதருகே குனிந்து, "மாவுக்குள்ள மாவா, ஹெட்டி? கூட உருளைக்கிழங்கு வேறயா?" என்றார். நான் கூரையைப் பார்த்தேன்.

"வினிகர்?"

"கொஞ்சமா."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நோரா அம்மா அவரைப் பரிதாபமாகப் பார்த்தபடி சிப்ஸ் நனையும்வரை உதறிவிட்டு, "இதான் கொஞ்சம்" என்றாள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பிரிச்சா, மடிச்சா?"

நடந்துகொண்டே சாப்பிடுகிறவன் பிரித்து வாங்குவான், வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் மடித்து வாங்குவான். இது இந்த ஊரில் பேசத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். ஆனால் ஜூலியன் யோசிக்கிறவர். காகிதத்தில் மடித்தால் ஆவியில் பையின் அடி நமுத்துப்போகும், அடி போனால் கல்யாணமும் போகும் என்று கணக்குப் போட்டு, "எல்லாமே பிரிச்சே இருக்கட்டும்" என்றார். ஹார்கிரீவ்ஸ் தாத்தா, துக்க வீட்டில் செய்வது போல, சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

ஒரு அட்டைப்பெட்டி மூடியில் ஐந்து பேர் சாப்பாட்டைத் திறந்தபடி அடுக்கிக்கொண்டு வெளியே வந்தோம், வந்ததும் மழை, ஜூலியன் கோட்டைக் கழற்றிக் கூடாரம் போல மேலே போர்த்தினார், காற்று அதைத் தூக்கியது, கடலே இல்லாத எங்கள் ஊருக்கு எதற்கு வருகிறது என்று தெரியாத ஒரு கடற்காகம் வந்து அம்மாவின் மீனைப் பார்த்தது, ஜூலியன் அதனிடமும் "மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு மேட்டில் ஓட ஆரம்பித்தார். எங்கள் வீட்டு வாசலில் ஈர இலையில் கால் வழுக்கியது. விழுகிறபோது யோசிக்க அதிக நேரம் கிடைப்பதில்லை, ஆனால் கிடைத்த நேரத்தில் அவர் திரும்பி மல்லாக்க விழுந்தார். இரண்டு கைகளும் மேலே. அட்டை மூடி ஆடவில்லை. கிரேவிக் கிண்ணம் மட்டும் கவிழ்ந்து முழுவதும் அவர் காலருக்குள் இறங்கியது.

தெருவில் எல்லாக் கதவும் திறந்தன. அப்பா வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார். விழுந்தவரைப் பார்க்கவில்லை. ஒரு பன்னைத் திறந்து பையை எடுத்து, மழையில் உள்ளங்கையில் நிறுத்தி, தூக்கி அடியைப் பார்த்தார்.

"உடையல" என்றார்.

"கிரேவி போச்சு, சார்" என்றார் ஜூலியன் தரையிலிருந்து.

"கிரேவி இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும். எழுந்திரு. இனிமே சார்னு கூப்பிடாதே."

அத்தை, அப்பா தன் நாற்காலியையே அவருக்குக் கொடுத்தார். ஜூலியன் இரண்டு கையாலும் பன்னைப் பிடித்து ஒரு வாய் கடித்தார், மென்றார், பிறகு மெதுவாக, "இது எல்லா வெள்ளிக்கிழமையும் உண்டா?" என்று கேட்டார். அப்பாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கல்யாணத்துக்குப் போடும் கறுப்புக் காலணியைத் தேடி எடுக்கச் சொல்லிவிட்டார். சண்டை முழுவதும் தீர்ந்தது.

ஆகவே ஜூன் மாதம் நீங்கள் தவறாமல் வர வேண்டும். உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாகவும், மாடிப்படி இல்லாத வீடு கிடைக்கவும், பக்கத்து வீட்டுக்காரர் எக்காளம் ஊதுவதை விடவும் ஆண்டவனை வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் பணிவுள்ள,
ஹெட்டி பிக்கர்ஸ்டாஃப்

பி.கு.: தபால்தலை கேட்கக் கீழே போனேன். கானி அக்காவின் பை அப்படியே இருந்தது. உடம்புக்கு என்ன என்று ஜூலியன் அன்பாகக் கேட்க, அவள் சந்தோஷ மிகுதியில் உண்மையைச் சொல்லிவிட்டாள். "எனக்கு பை பிடிக்காது. சின்ன வயசுலேருந்தே. அப்பா மனசு கஷ்டப்படுமேன்னு மெல்லாம முழுங்கிட்டு இருந்தேன்." அப்பா அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஜூலியனின் தோளில் கை வைத்து, "தம்பி, நல்லா யோசிச்சுக்கோ. இப்ப வேண்டாம்னு சொன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார். ஜூலியன் யோசித்து, "அப்ப வெள்ளிக்கிழமை கானியோட பை எனக்குத்தானே, மாமா?" என்றார். அப்பா கையை எடுத்துக்கொண்டார். "அவளை வளர்த்தது யாரு? பாதி என்னுது." இதற்கு ஜூலியன் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் சம்மதிக்காமல் அப்பா சர்ச்சுக்கு வரமாட்டாராம். அக்கா மறுபடி கூடத்தில் தனியாக நடந்துகொண்டிருக்கிறாள். நான் புதிய உடன்படிக்கை எழுதப் போகிறேன். கல்யாணத்துக்கென்று கவுன் ஏதும் வாங்கியிருந்தால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.