கரணைக்கிழங்கும் அக்காவின் கலியாணப் பேச்சும்

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவனைக் குசினிக்குள் விடக்கூடாது. விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் குடும்பமே சாட்சி.

ஊர்காவற்றுறையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த நாள் அது. முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களும் சரிவரவில்லை. புங்குடுதீவில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இனி யார் தேடி வரப்போகிறார்கள் என்று அம்மாவுக்குக் கவலை. அன்றைக்கென்று பார்த்து அவருக்குக் காய்ச்சல் வேறு. அக்காவைச் சேலை உடுக்க அனுப்பிவிட்டு, சமையலை நான் பொறுப்பெடுத்தேன்.

அம்மா கட்டிலில் கிடந்தபடி சொன்னார்: "தம்பி, கரணைக்கிழங்கைப் புளித்தண்ணி விட்டு அவி. இல்லாட்டில் தொண்டை கடிக்கும்."

"அம்மா, அது வேர் இல்லை. நிலத்துக்குக் கீழ இருக்கிற தண்டு," என்றேன். (அவர் அதைக் கேட்கவில்லை.)

புளி விட்டால் பால்கறியின் நிறம் கெட்டுவிடும் என்று வெறும் தண்ணீரில் அவித்தேன். நிறம் அருமையாக வந்தது.

"கறி நல்ல வெள்ளையாய் இருக்கு," என்றார் மாப்பிள்ளையின் அப்பா. எனக்கு அது போதும்.

"ஐயா, வெயில் காலத்தில இந்தச் செடி செத்தமாதிரிக் கிடக்கும். ஆனால் சாப்பாட்டையெல்லாம் கீழ சேமிச்சு வைச்சிருக்கும். மழை வர முளைக்கும். விதையே தேவையில்லை. முளை உள்ள துண்டொண்டை வெட்டி நட்டால் சரி…"

ஒருவரும் குறுக்கே பேசவில்லை. என் விளக்கத்தில் மெய்மறந்து விட்டார்கள் என்றே நினைத்தேன். மாப்பிள்ளையின் சித்தி தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருந்ததைப் பிறகுதான் கண்டேன். மாப்பிள்ளைக்குக் கண்ணால் நீர் ஓடியது.

அவருடைய அப்பா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, வேரோ தண்டோ தெரியாது. கடிக்குது."

நானும் ஒரு துண்டை வாயில் போட்டேன். நாக்கில் தேங்காய்த் தும்பால் தேய்த்தது போலிருந்தது. மூன்றாவது சம்பந்தத்தை நானே குழப்பிவிட்டேன்.

தேநீர்த் தட்டோடு அடக்கமாக நடந்து வரவேண்டிய அக்கா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மோர்ச் சட்டியோடு ஓடிவந்தாள். "ஒருத்தரும் விழுங்காதேங்கோ. முதல் வாயைக் கொப்பளியுங்கோ," என்று அதட்டினாள். எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல முற்றத்தில் வரிசையாக நின்று கொப்பளித்தார்கள்.

மாப்பிள்ளை கரகரத்த குரலில் அக்காவிடம் கேட்டார்: "நீரோ சமைச்சனீர்?"

"இல்லை. தம்பி."

"அப்ப எனக்குச் சம்மதம்."

அறைக்குள்ளிருந்து அம்மா சிரித்தது கேட்டது.

சில வருடம் கழித்து என் கலியாணம். பந்தியில் என் புது மனைவி முதல் வாய்ச் சோற்றை எடுத்தாள். எதிரே இருந்த அத்தான் கையைக் காட்டி மறித்தார்.

"பிள்ளை, கொஞ்சம் பொறும். முதல் அவன் சாப்பிடட்டும்."

இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் இலை போட்டாலும் முதல் கவளம் எனக்குத்தான். புதிதாக வந்தவர்கள் அதை மரியாதை என்று நினைக்கிறார்கள். மற்றவர்கள் சோற்றில் கை வைக்காமல் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.