ரஜ்ஜு தட்டாத ஏ.ஐ.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அந்த வைகாசியில் அங்கே ஒரு கல்யாணமும் நடக்கவில்லை. மாதம் முழுவதையும் புரொபசர் நிரஞ்சன் மொத்தமாகப் பிடித்துவிட்டார். அவரும் அங்கே பொருத்தம்தான் பார்த்தார். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் அல்ல. மனிதனுக்கும் ஏ.ஐ.க்கும்.

வாசலில் பெரிய பேனர். "உங்கள் தொழிலுக்கு ஏற்ற ஏ.ஐ. எது? பத்துப் பொருத்தமும் பார்த்து, ராசிக்கு ஒன்று கையோடு தரப்படும். ரஜ்ஜு தட்டாது!"

கூட்டமென்றால் கூட்டம். உடப்புசல்லாவையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார்கள். அக்கரப்பத்தனையிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். மரக்கறி லொறிக்காரர், சலூன்காரர், டியூஷன் டீச்சர், எல்லாரும் ஜாதகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் நின்றார்கள். ஒரு கோழிப்பண்ணைக்காரர் தன் ஜாதகம் போதாதென்று குஞ்சு பொரித்த நேரத்தையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். முன்ஜாக்கிரதையான மனிதர்.

எந்தப் பல்கலைக்கழகத்தில் புரொபசர் என்று யாரோ கேட்டதற்கு, "பிரபஞ்சம்" என்றாராம். அது எந்த ஊரில் இருக்கிறதென்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மனிதர் நுவரெலியாவில் ஆட்டோக்களுக்கு ராசியான நம்பர் சொல்லிக்கொண்டிருந்தார். காலம் மாறியது. புரொபசர் பேனரை மாற்றினார்.

மண்டபத்துக்குள் மணவறை அப்படியே இருந்தது. மணவறையில் பன்னிரண்டு தாம்பாளம். தாம்பாளத்துக்கு ஒரு வெற்றிலை, வெற்றிலைமேல் ஒரு போன். மேஷ மித்திரன், ரிஷப ராணி, கடகக் கணக்கன், துலாம் துணைவன் என்று பன்னிரண்டுக்கும் பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு மிருகப் படம். ஆளின் ராசியைக் கேட்டு, கண்ணை மூடி விரல்விட்டு எண்ணி, அவருக்குரிய ஏ.ஐ.யை அவர் போனில் ஏற்றிக் கொடுப்பார்.

சாப்பாட்டுக் கடை கணேசமூர்த்தி முதலாளிக்குப் பொருத்தம் பார்த்தபோது நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

"ஏ.ஐ. பொறந்த நேரம் எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார் முதலாளி. கல்லாவில் உட்காருகிற ஆளல்லவா, கொஞ்சம் விவரம்.

"அது முதன்முதலா ஹலோ சொன்ன நேரந்தான் ஜென்ம லக்னம்."

"ஓசியிலயே ஏ.ஐ. கெடைக்கிதுன்னு சொல்றாங்களே?"

"ரோட்டுல நாயும்தான் ஓசியில திரியுது. புடிச்சிட்டு வந்து கல்லாவுக்குக் காவல் வைப்பீங்களா? ரஜ்ஜு தட்டுற ஏ.ஐ.யை வச்சுக்கிட்டா மூணே மாசத்துல உங்க கடை தாலியறுத்துரும் முதலாளி!"

கடைக்குத் தாலி ஏது என்று முதலாளி கேட்கவில்லை. பயந்துபோய் மேஷ மித்திரனை வாங்கிக்கொண்டார்.

துணிக்கடை இன்சாப் நானா மட்டும், "நாங்க ராசி பாக்கிறதில்லையே" என்று தயங்கினார். புரொபசருக்கு மதபேதம் கிடையாது. "பரவாயில்ல ஹாஜியார், போன் வாங்குன தேதிய சொல்லுங்க. போனுக்கு ராசி உண்டு." நானாவுக்குக் கடகக் கணக்கன் அமைந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஏ.ஐ.க்கள் வேலை செய்தன. 'இன்று ஆட்டிறைச்சி விசேஷம்' என்று முதலாளி சொன்னால் மேஷ மித்திரன் அழகாக நாலு வரி எழுதித் தந்தது. இன்சாப் நானாவின் பெருநாள் சேல் நோட்டீஸைக் கடகக் கணக்கன் எழுதியது. ஊர் வாயைப் பிளந்தது. கிளி தானாகப் பேசுகிறது. கூண்டுக்காரருக்கு மாலை விழுகிறது.

இனி என் கதை. நான் செல்லசாமி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷாமிலா நடத்துகிற போட்டோகொப்பிக் கடையில் ஒரு மேசை போட்டு, அலுவலகங்களுக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதுபவன். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, பென்ஷன் வரவில்லை, வீட்டுக்குக் கூரை இல்லை, எதுவானாலும் அலுவலகம் படிக்கிற சிங்களத்தில் எழுதித் தருவேன். புரொபசர் வந்த பிறகு என் மேசைக்கு ஈ மட்டும் வந்தது. நான் ஏதாவது குறை சொன்னால், "மாஸ்டருக்கு வயித்தெரிச்சல்" என்றார்கள். கொஞ்சம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை வேலாயி கொப்பி எடுக்க வந்தாள். மேல்மலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். காம்பிராவுக்கு ஒரு குடும்பமாக அவர்கள் இருந்த பத்துக் காம்பிரா லயத்தில் பின்சுவர் வெடித்து, மண்மேடு பக்கமாகச் சாய்ந்திருந்தது. குடும்பங்களை வேறிடத்துக்கு மாற்றும் பட்டியலில் சேர வேண்டுமானால் திங்கட்கிழமைக்குள் அரசாங்க அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். பத்துக் குடும்பமும் சேர்ந்து வேலாயியைப் புரொபசரிடம் அனுப்பியிருந்தார்கள். அவள் துலாம் ராசி. துலாம் துணைவன் சிங்களத்தில் மனு எழுதி, ஓரத்தில் பூவேலை போட்டுத் தந்திருந்தது.

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க மாஸ்டர். ஒங்க கையெழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும்" என்றாள் சிரித்துக்கொண்டே.

வாங்கிப் படித்தேன். முதலில் சிரித்துவிட்டேன்.

"என்னா சிரிப்பு?"

"வேலாயி, இதுல என்னா எழுதியிருக்கு தெரியுமா? 'எங்கள் தாளம் உடைந்துவிட்டது. தாளம் மலைப்பக்கம் சாய்கிறது. உடைந்த தாளத்துக்குள் பத்துக் குடும்பங்கள் வசிக்கின்றன. தயவுசெய்து ஒரு நல்ல சங்கீத ஆசிரியரை அனுப்பி உதவவும்.'"

தோட்டத்தில் நமக்கு லயம் என்றால் வரிசை வீடு. புத்தகத் தமிழுக்கு லயம் என்றால் தாளம். துலாம் துணைவன் புத்தகத்தில் படித்தது, தோட்டத்தில் பிறந்ததல்ல.

வேலாயி முகம் சுருங்கியது. ஆனால் நம்பவில்லை. "புரொபசர் அப்பவே சொன்னாரு. மனுசன் வாசிச்சா தப்பாத்தான் வாசிப்பான், ஏ.ஐ. தப்பே பண்ணாதுன்னு. ஒங்களுக்கு வேல போச்சுன்னு கோவம் மாஸ்டர்."

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் லயத்துச் சுவரும் இப்படித்தான் வெடித்தது. நானே மனு எழுதினேன், பிழையில்லாமல். "மழையா இருக்கு, நாளைக்கிக் குடுத்துக்கலாம்" என்றாள் என் மனைவி அம்மாக்கண்ணு. சரி என்றேன். மறுநாள் மனு என் சட்டைப்பையில் இருந்தது. அவள் மண்ணுக்குள் இருந்தாள்.

மனுவை மடித்து வேலாயி கையில் கொடுத்தேன். மெஷினுக்குப் பின்னால் நின்ற ஷாமிலாதான் பேசினாள்.

"மாஸ்டர் சொல்றதையும் நம்ப வேணாம், புரொபசர் சொல்றதையும் நம்ப வேணாம். கத்தி வாங்கினா என்ன செய்வீங்க வேலாயிக்கா? சாணைக்காரன்ட ஜாதகமா பாப்பீங்க? ஒரு தேசிக்காய வெட்டிப் பாப்பீங்க தானே. நாளைக்கு மண்டபத்துல வெட்டிப் பாப்போம். வாங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஷாமிலா நேராக மணவறைக்கு முன்னால் போய் நின்றாள். பின்னால் வேலாயி, அவளுக்குப் பின்னால் பத்துக் குடும்பம், கடைசியில் நான்.

"புரொபசர், பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டு ஏ.ஐ., ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லதானே?"

"கோள் வேற, குணம் வேற தங்கச்சி!"

"அப்ப ஒரே கேள்விய பன்னிரண்டுட்டயும் கேப்போம்."

புரொபசர் லேசாகப் பதறினார். "ராசி மாறிக் கேட்டா தோஷமாச்சே."

"மாறவே வேணாம். பன்னிரண்டு ராசிக்காரரும் இங்கதான் நிக்கிறாங்க. அவங்கவங்க போன்ல அவங்கவங்க கேக்கட்டும். முதலாளி வாங்க, நீங்கதானே மேஷம்? நானா, நீங்களும் வாங்க."

கூட்டத்துக்கு இது பிடித்துவிட்டது. ரிஷபம், மிதுனம் என்று பெயர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் பெருமையாக வந்து வரிசையில் நின்றார்கள். கோழிப்பண்ணைக்காரர் விருச்சிகம்.

"கேள்விய வேலாயிக்கா சொல்லுவாங்க. அப்படியே சொல்லுங்க எல்லாரும்."

வேலாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "எங்க லயம் வெடிச்சிருச்சு. மண்மேட்டுப் பக்கம் சாயுது. என்ன செய்யணும்?"

கணேசமூர்த்தி முதலாளி கேட்டார். மேஷ மித்திரன் கணீரென்று பதில் சொன்னது: "லயம் பிசகுவது பல கலைஞர்களுக்கும் ஏற்படுவதே. கவலை வேண்டாம். தினமும் கைத்தாளம் போட்டுப் பழகுங்கள். அனுபவமிக்க மிருதங்க வித்துவானை அணுகுங்கள்."

அடுத்தது ரிஷப ராணி. மிருதங்க வித்துவான். மிதுன மோகினி. மிருதங்க வித்துவான். கடகக் கணக்கன் ஒரு படி மேலே போய், "நல்ல குருவிடம் மிருதங்கம் கற்றால் உங்கள் லயம் நிமிரும்" என்றது. சொற்கள் முன்னே பின்னே இருந்தன. வித்துவான் மட்டும் ஒரு ராசியையும் விட்டுவைக்கவில்லை. ஏழாவது போனுக்குக் கூட்டமே முந்திக்கொண்டு "மிருதங்க வித்துவான்!" என்று கத்தியது. பன்னிரண்டாவது மீனம் வாயைத் திறக்குமுன் யாரோ மேசையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஷாமிலா சும்மா விடவில்லை. முதலாளியின் போனையும் நானாவின் போனையும் வாங்கி, விவரப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டிலும் ஒரே பெயர். உள்ளே இருந்தது ஓசியில் கிடைக்கிற ஒரே புரோகிராம். நிறமும் மிருகப் படமும்தான் புரொபசரின் ஆராய்ச்சி.

"எல்லா ராசியும் ஒரே வானத்துலதான் இருக்கு. அதான் பதிலும் ஒண்ணா வருது" என்றார் புரொபசர்.

"அப்ப பொருத்தம் என்னத்துக்கு?"

புரொபசர் கையைத் திருப்பி மணி பார்த்தார். "ஐயோ, ராகு காலம் ஆரம்பிச்சிருச்சே!" என்று எழுந்தார்.

"ஞாயித்துக்கெழம ராகு காலம் நாலரைக்குத்தான்யா!" என்று முதலாளி கர்ஜித்தார். பஞ்சாங்கத்தை அவரளவுக்கு நம்புகிறவர் ஊரில் இல்லை. அவரிடம் போயா?

வேலாயி சிரிக்கவில்லை. மணவறைப் படியில் ஏறி, பூவேலை போட்ட மனுவைப் புரொபசர் கையில் வைத்தாள். "எங்க தலைக்கு மேல மல நிக்கிது. நீ தாளம் போடச் சொல்லுறியா? நாளைக்கி இத நான் குடுத்திருந்தா, அந்த ஆபீஸ் ஐயா சிரிச்சிட்டு ஓரமா வச்சிருப்பாரு. பத்து வீட்டுப் புள்ளைங்களுக்கு நீயா வந்து மண்ணத் தோண்டுவ?"

புரொபசர் மனுவைத் தாம்பாளத்தில் வைத்தார். பின்பக்கப் படியால் இறங்கினார்.

அன்று மத்தியானம் ஷாமிலா கடையில் மூன்று ஏ.ஐ.யைத் திறந்து வைத்தோம். மூன்றும் சும்மா கிடைப்பவை. எனக்கு அர்த்தம் நன்றாகத் தெரிந்த பழைய சிங்களக் கடிதம் ஒன்றை மூன்றுக்கும் கொடுத்தோம். ஒன்று, நிராகரித்ததை அனுமதித்ததாகச் சொன்னது. ஒன்று பாதிப் பெயர்களை விழுங்கியது. மூன்றாவது சரியாகச் சொன்னது. லயம் என்றால் இங்கே தோட்டத்து வரிசை வீடு என்று சொல்லிக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டது. அதிலேயே வேலாயியின் மனுவை எழுதினோம். நான் வரி வரியாகப் படித்தேன். இரண்டு இடத்தில் திருத்தினேன். நான் எழுதினால் ஒரு மணி நேரம் ஆகும். அது பத்து நிமிடத்தில் முடித்தது. என் வயிற்றெரிச்சலுக்கு அன்றைக்கு நல்ல மருந்து.

திங்கட்கிழமை காலை அலுவலகம் திறக்குமுன் வேலாயியோடு வாசலில் நின்றேன். மழைதான். குடை ஒன்று; நனைந்தது நான், மனு அல்ல. புதன்கிழமை ஆட்கள் வந்து வெடிப்பை அளந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்துக் குடும்பமும் தோட்டத்துப் பள்ளிக்கூட ஹோலுக்கு மாறியது. மனு கொடுத்த ஒன்பதாம் நாள் பின்னேரம் பின்சுவர் முழுதாக இறங்கியது. உள்ளே இருந்தவை ஒரு பழைய கட்டிலும், வேலாயி வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்த மாமியார் படமும்தான்.

புரொபசர் இப்போது நோட்டன் பிரிட்ஜில் இருப்பதாகக் கேள்வி. புதுப் பேனர்: "பொருந்தாத ஏ.ஐ.க்குப் பரிகாரம் செய்யப்படும்." நல்ல கூட்டமாம். எங்கள் கோழிப்பண்ணைக்காரரும் போய் வந்துவிட்டார்.

அங்கே போகிறவர்களை நான் தடுக்கப்போவதில்லை. போங்கள். போகும்போது உங்கள் தொழிலில் விடை தெரிந்த ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஜாதகத்தை வீட்டில் மறந்துவிட்டுப் போனாலும் பாதகமில்லை. தலையை மறந்துவிட்டுப் போகாதீர்கள்.